சுழலும் எஞ்சினுக்குச் சமநிலை வேண்டுமா?



றோட்டரி எஞ்சினைக் கழற்றிப் புதுப்பிப்பவர் எவருக்கும் ஒரு வினா எழும். சீல்கள், பெயாரிங்குகள் ஆகியவற்றுக்கே பெரும்பணம் கரைகிறது. அதன்மேலும் சுழலும் உறுப்புகளைச் சமநிலைப்படுத்தச் செலவிடுவதா, விடுவதா? வீண்செலவு செய்தல் தவறு. வேண்டிய செலவைத் தவிர்த்து எஞ்சினையே இழத்தல் அதனினும் தவறு.

ஜேர்மானியரான பீலிக்ஸ் வாங்கெல் கண்ட இவ்வகை எஞ்சின் 1957 இல் முதன்முதல் இயங்கியது. அதனைப் பெருவழக்கிற்குக் கொணர்ந்த பெருமை, 1967 இல் கொஸ்மோ காரை வெளியிட்ட யப்பானிய மஸ்டா நிறுவனத்தையே சாரும்.

இவ்வெஞ்சினில் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் இல்லை. முக்கோணம் போன்ற றோட்டர், தண்டின் மையம் விலகிய பகுதியில் அமர்ந்து சுழலும். தண்டு மும்முறை சுற்ற, றோட்டர் ஒருமுறை சுற்றும். ஆயினும் றோட்டரின் மையம் தண்டின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வட்டமிடும். இரு றோட்டர்கள் உள்ள எஞ்சினில் அவை எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்பதால், ஒன்றின் இழுப்பை மற்றது ஈடுசெய்யும். ஆனால் அவை ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருப்பதால், தண்டை முன்னும் பின்னும் ஆட்டும் விசை எஞ்சும். முன்பக்கத்து எதிர்நிறையும் பின்பக்கத்து எதிர்நிறையும் அதனை அடக்குகின்றன.

இனி ஒரு கணக்கு. மஸ்டாவின் 13பி எஞ்சினில் மைய விலகல் 15 மில்லிமீற்றர். இரு றோட்டர்களுக்குமிடையே 10 கிராம் வேறுபாடு இருப்பதாகக் கொள்வோம். நிமிடத்துக்கு 2000 சுற்றில் அதனால் எழும் விசை, முக்கால் கிலோவுக்கும் குறைந்த பாரத்துக்குச் சமம். 8000 சுற்றிலோ அது ஏறத்தாழ 11 கிலோ. வேகம் நான்கு மடங்காக, விசை பதினாறு மடங்காகிறது!

ஆகவே, கழற்றிய றோட்டர்கள், தண்டு, எதிர்நிறைகள், பிளைவீல் யாவும் மாற்றமின்றி மீண்டும் பூட்டப்பட்டு, கார் சாதாரண வேகத்தில் ஓடுமாயின், தொழிற்சாலை அளித்த சமநிலையே போதும். மிஞ்சும் பணத்தைத் தேய்மானங்களை அளப்பதற்கும் நல்ல சீல்களுக்கும் செலவிடுக.

றோட்டர் ஒன்றை மாற்றினால் நிலைமை வேறு. மஸ்டா றோட்டர்களில் எடைத்தரத்தைக் காட்டும் எழுத்துப் பொறிக்கப்பட்டிருக்கும், அதனை ஒப்பிடுக. கரியை நன்கு நீக்கி, இரண்டையும் தராசில் நிறுத்தும் பார்க்கலாம்; இதற்குச் செலவு சொற்பமே. வேற்றாண்டு எஞ்சினின் றோட்டர்களைப் பூட்டினாலும், இலேசான பிளைவீல் பொருத்தினாலும், றோட்டரைக் கடைந்து எடை குறைத்தாலும், பந்தய வேகத்தில் ஓட்ட எண்ணினாலும் தயங்காது சமநிலைப்படுத்துக. அப்போது றோட்டர்கள், தண்டு, எதிர்நிறைகள், பிளைவீல் அனைத்தையும் ஒருங்கே கொண்டுசெல்லல் வேண்டும். ஒன்று குறைந்தாலும் கணக்குப் பிழைக்கும்.

தேய்ந்த பெயாரிங்கையோ பழுதான சீலையோ சமநிலை குணப்படுத்தாது என்பதையும் நினைவிற் கொள்க. மாற்றியது எது, ஓடும் வேகம் எவ்வளவு என்னும் இரு வினாக்களுக்கும் விடை கண்டபின் பணப்பையைத் திறப்பதே அறிவுடைமை.