ராத்தாவின் மாத்திரை தங்கைக்கு ஆகுமா?

கருத்தடை மாத்திரை பற்றி நம் சகோதரிகள் உலமாக்களிடம் "கூடுமா, கூடாதா?" என்று கேட்கிறார்கள். வைத்தியரிடம் கேட்க வேண்டியதைத்தான் பலர் கேட்பதில்லை.

முதற் கேள்வி புதிதன்று. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஸஹாபாக்கள் 'அஸ்ல்' செய்து வந்ததை ஜாபிர் (ரலி) அறிவித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் அதை விரிவாக ஆராய்ந்து, பிரசவ ஆபத்திலிருந்து மனைவியின் உயிரைப் பேணுவதையும் தகுந்த காரணமாகக் கொண்டார்கள். இதனை ஒட்டியே, கணவன் மனைவி இருவரும் இணங்கித் தற்காலிகமாகப் பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடுவதை இக்கால அறிஞர் பலர் அனுமதிக்கின்றனர். நிரந்தரமாகக் கருவளத்தை நீக்குவது வேறு விடயம்.

இனி இரண்டாவது. 1960இல் அமெரிக்காவில் கருத்தடைக்கென அனுமதி பெற்ற எனோவிட் மாத்திரையில் 150 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரஜன் இருந்தது. இரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்து தெரியவந்ததும், 1969இல் பிரித்தானிய மருந்துப் பாதுகாப்புக் குழு 50க்கு மேற்படாத மாத்திரைகளையே கொடுக்கும்படி வைத்தியர்களுக்கு அறிவுறுத்தியது. இன்று பெரும்பாலானவற்றில் 20 முதல் 35 வரைதான்.

ஆபத்து குறைந்ததே தவிர, நீங்கிவிடவில்லை. 'மித்துரி' போன்றவை இரண்டு ஹோர்மோன்கள் சேர்ந்த கூட்டு மாத்திரைகள். பிரஷர் உள்ளவர், முன்பு இரத்தக் கட்டி கண்டவர், கண்ணில் மின்னல் வெட்டுவது போல் தோன்றி ஒற்றைத் தலைவலி வருபவர் இவற்றைத் தவிர்க்க வேண்டும். ராத்தாவுக்கு ஒத்துக்கொண்டது என்று அவருடைய அட்டையிலிருந்து தங்கை எடுத்து விழுங்குவது அதனால்தான் ஆபத்து. தங்கைக்குப் பிரஷர் இருப்பது அளந்து பார்த்தால்தானே தெரியும்?

பாலூட்டும் தாய்மாருக்கு இது இன்னும் முக்கியம். பிள்ளைக்கு ஆறு மாதமாகும் வரை கூட்டு மாத்திரை பொதுவாக உகந்ததன்று. முதல் ஆறு வாரத்தில் அறவே கூடாது. ஈஸ்ட்ரஜன் இல்லாத, புரோஜெஸ்டஜன் மட்டுமுள்ள வகை அவர்களுக்கு உண்டு. ஆனால் நேரம் தவறாமல் எடுக்க வேண்டும். 2023 ஜூலையில் அமெரிக்கா வைத்தியரின் சீட்டின்றி விற்க அனுமதித்த ஓபில் இந்த வகையே. "அங்கே கடையிலேயே விற்கிறார்களாம்" என்ற பேச்சைக் கேட்டுக் கூட்டு மாத்திரை வாங்கிவிடாதீர்கள். வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் உங்கள் நோய்களைச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ஹஜ்ஜுக்குப் போகுமுன் மாதவிடாயைத் தள்ளிப்போட வைத்தியர்கள் பெரும்பாலும் கொடுப்பது நோரெதிஸ்ரரோன். அப்படி எடுக்கும்போது அது கருத்தடையாகாது. இரத்தக் கட்டி கண்டவர்கள் நீண்ட விமானப் பயணத்துக்கு முன் இதையும் வைத்தியரிடம் சொல்லியே எடுக்க வேண்டும்.