மடிக்கணினி வாங்குமுன் எண்ணுக

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபொழுது, ஒரே கைப்பேசியை வைத்துக்கொண்டு மூன்று பிள்ளைகள் முறைபோட்டுப் பாடம் கேட்ட இல்லங்களை நாம் கண்டோம். அதுமுதல், "பிள்ளைக்கு மடிக்கணினி வாங்க வேண்டும், எதை வாங்கலாம்?" எனப் பெற்றோர் நம்மிடம் வினவுவது வழக்கமாகிவிட்டது. அவர்கட்கு நாம் கூறும் விடையையே இம்மலரில் தருகின்றோம்.

நம் நாட்டில் 2025ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. ஒரு மடிக்கணினி, தோட்டத் தொழிலாளியின் ஒரு மாத உழைப்பையே விழுங்கிவிடக் கூடும். ஆகவே ஆய்ந்து வாங்குதல் கடமையாகும்.

முதற்கண் தேவையை அறிதல் வேண்டும். பள்ளி மாணவனுக்குக் கட்டுரை தட்டச்சு செய்யவும், இணைய வகுப்பில் அமரவும், பாடக் காணொளி காணவும் கணினி தேவை. விளையாட்டுக்கென அமைந்த விலையுயர்ந்த கணினி அவனுக்கு வேண்டுவதன்று.

அடுத்து, உள்ளுறுப்புகளை நோக்குவோம். நினைவகம் என்பது மாணவன் எழுதும் மேசையைப் போன்றது. சேமிப்பகம் அவனுடைய புத்தக அலமாரியைப் போன்றது. மேசை சிறிதாயின் வேலை தடைப்படும். 8 கிகாபைட் நினைவகமும் 256 கிகாபைட் எஸ்.எஸ்.டி. சேமிப்பகமும் பள்ளி வேலைக்குப் போதுமானவை. சில மலிவுக் கணினிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதனைப் பின்னர்க் கூட்ட இயலாது. இதனைக் கடைக்காரரிடம் கேட்டறிதல் நலம்.

அலுவலகங்கள் பயன்படுத்திக் கழித்த பழைய கணினிகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றை வாங்குவதில் தவறில்லை. எனினும், விண்டோஸ் 10 மென்பொருளுக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. எனவே விண்டோஸ் 11ஐ ஏற்கும் கணினிதானா என்று பார்க்க வேண்டும். இன்டெல் செயலியாயின் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆதல் வேண்டும். மின்னிணைப்பை நீக்கிவிட்டு அரைமணி நேரம் இயக்கிப் பார்த்தால் மின்கலத்தின் நிலை புலப்படும்.

இனி, தவணை. 1,500 ரிங்கிட் விலையுள்ள கணினியை மாதம் 120 ரிங்கிட் வீதம் 18 மாதங்கட்குப் பெறுவதாகக் கொள்வோம். மொத்தம் 2,160 ரிங்கிட் ஆகிறது. மிகுதியாகச் செலுத்தும் 660 ரிங்கிட் எத்தனை நாள் உழைப்பு என்பதை மாணவர்களே கணக்கிட்டுப் பெற்றோரிடம் கூறலாம். மாதத் தொகை சிறிதாயிருப்பது கண்டு மயங்காது, மொத்தத் தொகையைக் கேட்பதே அறிவுடைமை.

ஜொகூர்வாசிகளாகிய நம்முள் பலர் பாலங் கடந்து சிங்கப்பூரில் பணிபுரிகின்றனர். அங்கு வாங்கும் பொருளின் உத்தரவாதம் இங்குச் செல்லுமா என்பதை முன்னரே உறுதி செய்துகொள்ள வேண்டும். வாங்கிய நாட்டில் மட்டுமே செல்லும் உத்தரவாதங்களும் உள. நம் நாட்டுக் கடையில் வாங்கிய பொருள் பழுதாயிருந்து வணிகர் பொறுப்பேற்க மறுத்தால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்டே, வழக்கறிஞர் வேண்டுவதில்லை. ஆனால் சான்று வேண்டும். ஆதலின் ரசீதைப் பேணிக் காத்திடுக.

கையில் பணம் போதாதாயின் ஓராண்டு பொறுத்திருப்பதில் இழுக்கில்லை. அண்ணன் பயன்படுத்திய கணினியில் தங்கை படிப்பதும், பள்ளிக் கணினியை முறையாகப் பயன்படுத்துவதும் சிறுமையல்ல. கடன்பட்டு வாங்கிய பகட்டான கருவியினும், சேமித்து வாங்கிய எளிய கருவியே இல்லத்தில் அமைதியைத் தரும். அமைதியுள்ள இல்லத்திலேதான் பிள்ளையின் படிப்பும் செழிக்கும்.

மாணவச் செல்வங்களே! கருவி கல்வியாகாது, முயற்சியே கல்வி. பெற்றோர் வியர்வை சிந்தி வாங்கித் தரும் கணினியைப் பயனுறப் போற்றுவீர்களாக!