பட்டா இல்லாதவர் பேசிய கூட்டம்

எண்ணெய்க் கிணறு தோண்ட வருபவர்கள் நிலக்காரரிடம் கையெழுத்து வாங்குவார்கள், பணமும் தருவார்கள். அதே வயலில் நடவு நட்டு, களை பறித்து, அறுப்பு அறுத்துப் பிழைத்த குடும்பத்திடம் ஒரு காகிதமும் நீட்ட மாட்டார்கள். டெல்டாவில் அந்தக் குடும்பம் பெரும்பாலும் நம் தெருவில்தான் இருக்கிறது.

அந்தக் குடும்பத்துக்கும் பேச ஓரிடம் இருந்தது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சொன்ன கருத்துக் கேட்புக் கூட்டம் அது. 30 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் இருக்கவேண்டும். கூலிக்காரர் பேசினாலும் பதிவாகும். பதிவானதைக் கூட்ட முடிவில் தமிழில் வாசித்துக் காட்டவேண்டும். பத்திரிகை எட்டாத ஊரில் பறையறைந்து சொல்லலாம் என்றும் அதில் உண்டு. (தண்டோராவை நிறுத்தும்படி 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் இறையன்பு ஆட்சியர்களுக்கு எழுதினார். நல்லது. பறை யார் தோளில் ஏறும் என்பது நமக்குத் தெரியும்.)

2020 ஜனவரி 16இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இதில் கைவைத்தது. எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று பார்க்கத் தோண்டும் ஆய்வுக் கிணறுகள் ‘பி2’ பிரிவுக்கு மாற்றப்பட்டன. அவற்றுக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை. மாநில அளவிலான ஆணையமே அனுமதி தந்துவிடலாம்.

அடுத்த மாதமே பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. தஞ்சை, திருவாரூர், நாகையிலும், கடலூர், புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களிலும் புதிய கிணறுகளுக்குத் தடை. ஆனால் ஏற்கெனவே இயங்கும் கிணறுகளை அது தொடவில்லை. 2017 ஜூன் 30இல் கதிராமங்கலம் வயலில் எண்ணெய் கசிந்ததே, அது பழைய குழாய்தான்.

மண்டலத்துக்கு வெளியே நிலைமை வேறு. ராமநாதபுரத்தில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு ஓஎன்ஜிசி 2025 மார்ச்சில் அனுமதி பெற்றது. ஆகஸ்டில்தான் அது பரவலாக வெளியே தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பியதும், அனுமதியைத் திரும்பப் பெற அறிவுறுத்துவதாக மாநில அரசு சொன்னது.

நான் கவலைப்படுவது இடையில் போன அந்த மாதங்களைப் பற்றி. தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டப்படி, அனுமதியை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யவேண்டும். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். அதற்கு மேல் ஒருநாளும் கிடையாது. கூட்டம் நடந்த காலத்தில், இப்படி ஒன்று வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். இப்போது கதவு திறந்ததும் தெரியாது, மூடியதும் தெரியாது.

ஒரு பிடி மட்டும் உண்டு. 30 நாள் கணக்கு உத்தரவில் போட்ட தேதியிலிருந்து அல்ல, மக்களுக்கு முறையாக அறிவித்த நாளிலிருந்தே தொடங்கும் என்று அருணாசலப் பிரதேச நீர்மின் திட்ட வழக்கொன்றில் 2013இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. அனுமதி பெற்ற நிறுவனம் உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் தரவேண்டும்; ஊராட்சிக்கு நகல் கொடுக்கவேண்டும். ஊராட்சி அதை 30 நாள் பலகையில் ஒட்டிவைக்கவேண்டும். அந்தப் பலகை நம் தெருவிலிருந்து எவ்வளவு தூரம் என்பது வேறு விஷயம்.

கல்லூரிக்குப் போகும் தம்பி தங்கைகள் அந்தப் பலகையை மாதம் இரண்டு முறையாவது செல்போனில் படம் எடுத்து வையுங்கள். சந்தேகம் இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். நகல் எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் ஒட்டினார்கள் என்ற இரண்டு கேள்வி போதும். கட்டணம் 10 ரூபாய்.