தேக்காவின் பால்காரர்கள்

லிட்டில் இந்தியா பெருவிரைவு ரயில் நிலையத்துக்கு அருகில் பஃப்பலோ சாலை இருக்கிறது. 'பஃப்பலோ' என்றால் எருமை. சற்றுத் தொலைவில் கெர்பாவ் சாலை உள்ளது. 'கெர்பாவ்' என்னும் மலாய்ச் சொல்லுக்கும் எருமை என்பதே பொருள். கேகே மருத்துவமனையின் பெயரும் 'கண்டாங் கெர்பாவ்' என்பதன் சுருக்கமே. அதன் பொருள் எருமைத் தொழுவம். ஒரே வட்டாரத்தில் எருமையின் பெயர் இத்தனை இடங்களில் வரக் காரணம் என்ன?

19-ஆம் நூற்றாண்டில் சிராங்கூன் சாலைப் பகுதி, ரோச்சோர் ஆற்றை ஒட்டிய தாழ்வான ஈர நிலமாக இருந்தது. எருமைகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு. எனவே, வெயில் நேரத்தில் அவை நீரிலும் சேற்றிலும் கிடந்தே உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும். நீரும் புல்லும் நிறைந்த அந்த இடத்தில் மாட்டு வணிகம் வளர்ந்தது. கல்கத்தாவிலிருந்து வந்த பெலிலியோஸ் என்னும் வணிகர் இத்தொழிலில் புகழ்பெற்றார். பெலிலியோஸ் சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மாடு வளர்ப்பு பல இந்தியர்களுக்கு வாழ்வளித்தது. அவர்களுள் பால்காரர்களும் இருந்தனர்.

நம் நாட்டு வெப்பத்தில் கறந்த பால் சில மணி நேரத்தில் புளித்துவிடும். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் பாலைத் தொலைவிலிருந்து கொண்டுவர முடியவில்லை. ஆகவே, பால் குடிப்போர் வாழும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாடுகளும் இருக்க வேண்டியிருந்தது. பால்காரர்கள் கறந்த பாலைப் பாத்திரங்களில் எடுத்துச் சென்று வீடுவீடாக அளந்து ஊற்றினர்.

மிஞ்சிய பாலை வீணாக்காமல் காக்கும் வழிகளையும் மக்கள் அறிந்திருந்தனர். இளஞ்சூடான பாலில் சிறிது உறைமோர் ஊற்றினால், அதிலுள்ள நுண்ணுயிரிகள் பாலின் சர்க்கரையை அமிலமாக மாற்றும். பால் தயிராக உறையும். எருமைப் பாலில் கொழுப்பு மிகுதி என்பதால் அதன் தயிர் கெட்டியாக இருக்கும். தயிரைக் கடைந்தால் வெண்ணெய். அதை உருக்கினால் நெய். கொதிக்கும் பாலில் எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்து, நீரை வடித்தால் பன்னீர் கிடைக்கும். மேலைநாடுகளில் பாலை உறையச் செய்து, உப்பிட்டு, மாதக்கணக்கில் பதப்படுத்திப் பாலாடைக்கட்டி செய்கின்றனர். ஒரு கிலோ கெட்டியான பாலாடைக்கட்டிக்கு ஏறத்தாழ 10 லிட்டர் பால் தேவை. முறைகள் வேறாக இருந்தாலும் நோக்கம் ஒன்றே: விரைவில் கெடும் பாலை நெடுநாள் காப்பது.

நகரம் வளர்ந்தபோது நிலைமை மாறியது. நெருக்கமான குடியிருப்புகளுக்கு நடுவே இருந்த தொழுவங்கள் சுகாதாரச் சிக்கலாயின. 1936-இல் வந்த நகராட்சிச் சட்டத்தால் மாடுகள் இப்பகுதியைவிட்டு வெளியேற்றப்பட்டன. அதற்கு முன்பே, 1929-இல், புக்கிட் தீமா மலைச்சாரலில் ஒரு பெரிய பால்பண்ணை தொடங்கப்பட்டிருந்தது. பின்னர்க் குளிர்பதன வசதி பெருகியதும் வெளிநாட்டுப் பாலும் எளிதாக வந்து சேர்ந்தது. மக்களுக்குத் தூய்மையான பால் கிடைத்தது. ஆனால், ஓரிரு மாடுகளை நம்பி வாழ்ந்தவர்களின் தொழில் மெல்ல மறைந்தது.

இன்று அந்தப் பண்ணை இருந்த இடம் இயற்கைப் பூங்காவாக உள்ளது. பொங்கல் காலத்தில் லிட்டில் இந்தியாவுக்கு மாடுகள் கொண்டுவரப்படும்போது, அவற்றைப் பார்க்கப் பிள்ளைகள் ஆவலுடன் கூடுகின்றனர். அதே மண்ணில் ஒரு காலத்தில் மாடுகள் அன்றாடக் காட்சியாக இருந்தன என்பது அவர்களுள் பலருக்குத் தெரியாது.

மாடு வளர்க்க நிலம் வேண்டும். ஆனால், பாலைத் தயிராக்கும் கைப்பக்குவத்துக்கு ஒரு சமையலறை போதும். இரவில் ஒரு கரண்டி உறைமோர் ஊற்றிவைக்கும் வீடுகளில், அந்தப் பழைய அறிவு இன்னும் தொடர்கிறது.