குழாயடியும் குழந்தையும்

மும்பை மாநகரின் கிழக்கு ஓரத்தில், தாணே கடற்கழியின் சதுப்பை ஒட்டித் தேவ்நார் என்னும் பகுதி அமைந்துள்ளது. செம்பூரிலும் மாதுங்காவிலும் தாராவியிலும் வாழும் தமிழ் மக்களுக்கு அப்பெயரைக் கேட்டதும் முதலில் நினைவுக்கு வருவது அங்குள்ள குப்பைமேடே ஆகும். 1927-ஆம் ஆண்டு தொடங்கி மாநகரத்தின் கழிவுகள் அங்கே கொட்டப்பட்டு, ஏறத்தாழ 130 ஹெக்டேர் பரப்பில் குன்றெனக் குவிந்துள்ளன. 2016-ஆம் ஆண்டு ஜனவரியில் அம்மேடு தீப்பற்றி எரிந்தபோது, எழுந்த புகையினால் அண்டையிலிருந்த பள்ளிகளையே மூட வேண்டியதாயிற்று.

குப்பைமேட்டின் அடிவாரத்தில் சிவாஜி நகர், பைங்கன்வாடி முதலான குடியிருப்புகள் நெருங்கி நிற்கின்றன. இவை அடங்கிய ‘எம் கிழக்கு’ வார்டில், 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இருந்தனர். 2009-ஆம் ஆண்டுக்கான மும்பை மனிதவள மேம்பாட்டு அறிக்கை, நகரின் 24 வார்டுகளுள் இதனையே கடைசி இடத்தில் வைத்தது. இத்தகைய ஓரிடத்தில் பிறந்து வளரும் குழந்தைக்குத் தூய நீரும், ஒதுங்க ஓரிடமும், கைகழுவச் சிறிது சோப்பும் எவ்வாறு கிடைக்கின்றன, ஏன் கிடைக்காமற் போகின்றன என்பதை நாம் இங்கே சற்று ஆராய்வோம்.

முதலில் தண்ணீரைப் பார்ப்போம். மும்பை நீரற்ற நகரமன்று. 1860-இல் விஹார் ஏரியிலிருந்து குழாய்வழி நீர் வரத் தொடங்கியது. 1892-இல் தான்சா ஏரியின் நீர் வந்து சேர்ந்தது. பின்னர்ப் பல நீர்த்தேக்கங்கள் எழுந்தன. 2014-இல் மத்திய வைதரணா அணை முடிவுற்றது. இன்று ஏழு நீர்நிலைகளிலிருந்து நாளொன்றுக்கு 380 கோடி லிட்டர் அளவில் நீர் நகரை வந்தடைகிறது. ஆயினும் பெருங்குழாய்களின் கடைக்கோடியில் இருப்போர்க்கு, முன்னே உள்ளோர் எடுத்தது போக எஞ்சியதே கிட்டுகிறது. வயலில் கடைமடைக்காரன் படும் பாட்டை அறிந்த நம்மவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. தேவ்நார் நகரக் குழாயின் கடைமடை.

குழாயில் நாள் முழுதும் நீர் ஓடாமல், சில மணி நேரமே ஓடுவதில் மற்றோர் ஆபத்தும் உண்டு. நீர் நிறைந்து அழுத்தத்துடன் ஓடுகின்ற குழாயில் சிறு விரிசல் இருப்பினும், உள்ளிருக்கும் நீர் வெளியே கசியுமேயன்றி வெளியிலுள்ள அழுக்கு உள்ளே புகாது. நீர் நின்றவுடன் அழுத்தம் குறைகிறது. சாக்கடையை ஒட்டியோ அதனூடேயோ செல்லும் குழாயாயின், அவ்விரிசல் வழியே கழிவுநீர் உள்ளே இறங்கும். யாரேனும் மோட்டார் வைத்து நீரை உறிஞ்சினால் கழிவும் சேர்ந்தே இழுபடும். மறுநாள் காலை குழாய் திறந்ததும் முதலில் வரும் நீர் கலங்கலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஏரியில் தூயதாய்ப் புறப்பட்டு, சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரின் சேர்க்கப்பட்டு வந்த நீர், குழந்தையின் வாயை அடையுமுன் கடைசி நூறு அடித் தொலைவில் கெடுகிறது.

குழாயே இல்லாதவர் நிலை இதனினும் கடினம். மாநகராட்சி ஆயிரம் லிட்டர் நீரைச் சில ரூபாய்க் கட்டணத்திற்கே வழங்குகிறது. இணைப்பில்லாத குடும்பமோ, பிறரிடமும் லாரிக்காரரிடமும் குடக்கணக்கில் விலை கொடுத்து வாங்க வேண்டும். ஏழைக்கே தண்ணீர் மிக அதிக விலைக்கு விற்கப்படுகிறது. குடத்தைச் சுமக்கும் வேலை பெரும்பாலும் தாய்க்கும் மூத்த பெண்குழந்தைக்கும் உரியதாகிறது. பள்ளிக்கூட மணியும் தண்ணீர் வரும் நேரமும் ஒன்றாயின், தோற்பது பள்ளிக்கூடமே.

இணைப்பு ஏன் மறுக்கப்பட்டது? அரசாங்க ஏடுகளில் ‘கட்-ஆப் தேதி’ என்றொரு சொல் உண்டு. ஏடுகளைத் தமிழாக்கும் பணியில் உள்ள நாம் அதனை ‘வரம்பு நாள்’ என எழுதிவிட்டு அடுத்த வரிக்குச் சென்றுவிடலாம். ஆனால் அச்சொல்லின் பொருள் குழாயடியில்தான் விளங்கும். முதலில் 1995-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், பின்னர் 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் என வரம்பு வகுக்கப்பட்டது. அந்நாளுக்குப் பின் எழுந்த குடிசைகளுக்குச் சட்டபூர்வமான நீர் இணைப்பு இல்லை என்பது நடைமுறையாயிற்று. குடிசை எழுந்த நாளுக்கும் அதனுள் பிறந்த குழந்தையின் தாகத்துக்கும் என்ன தொடர்பு?

இவ்வினாவையே ‘பானி ஹக் சமிதி’ என்னும் மக்கள் அமைப்பு பம்பாய் உயர்நீதிமன்றத்தின் முன் வைத்தது. 2014-ஆம் ஆண்டு டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடிநீர் பெறும் உரிமை, அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி. வீடு சட்டத்துக்குப் புறம்பானது என்பதற்காக அதில் வாழ்வோர்க்கு நீரை மறுத்தல் ஆகாது என்பதே தீர்ப்பின் சாரம். அவர்களிடம் கூடுதல் கட்டணம் பெறலாம் என்றும் நீதிமன்றம் கூறியது. 2022-ஆம் ஆண்டில் மாநகராட்சி ‘அனைவர்க்கும் தண்ணீர்’ என்னும் கொள்கையை வகுத்தது. எனினும் ஏட்டில் தோன்றிய உரிமை குழாயில் நீராக ஓட, விண்ணப்பமும் குழாய் பதித்தலும் விடாமுயற்சியும் தேவைப்படுகின்றன.

இனிக் கழிப்பிடத்தை எடுத்துக்கொள்வோம். இப்பகுதிகளில் பல வீடுகளுக்குப் பொதுக் கழிப்பிடமே கதி. காலை வரிசையில் வேலைக்கு விரையும் பெரியவர்கள் முந்த, சிறுவர் பின்னுக்குத் தள்ளப்படுவர். உள்ளே இருட்டும், பெரியவர்க்கென அமைந்த அகன்ற பீங்கானும் கண்டு சிறுகுழந்தைகள் அஞ்சுவர். ஆகவே அவர்கள் சாக்கடை ஓரத்தில் உட்காருகின்றனர். குழந்தையின் மலம் தீங்கற்றது என்று எண்ணுவது தவறு; அதிலும் நோய்க்கிருமிகள் உண்டு. அவை ஈயின் கால்வழியும் மண்ணில் அளையும் கைவழியும் மீண்டும் வாய்க்கே வந்து சேரும்.

இதற்கு மாற்று கண்டவர்களும் இதே மண்ணில் வாழ்ந்தவர்கள்தாம். அவர்களுள் ஒருவர் ஜோக்கின் அற்புதம். 1947-இல் கோலார் தங்கவயலில் பிறந்து, 1960-களில் பம்பாய்க்கு வந்து தச்சுவேலை செய்தவர். செம்பூரை அடுத்த ஜனதா காலனியில் அவர் வாழ்ந்தபோது, அங்கே குப்பை அள்ளுவார் இல்லை. அவர் சிறுவர்களைத் திரட்டி, உல்லாசப் பயணம் செல்வோம் என்று அழைத்து, ஆளுக்கொரு பொட்டலம் குப்பையைச் சுமக்கச் செய்து, மாநகராட்சி அலுவலகத்தின் முன் கொண்டுபோய்ப் போடச் செய்தார். அதன்பின் அதிகாரிகள் காலனிக்காரருடன் பேச முன்வந்தனர். குழந்தைகளின் தூய்மைக்காகக் குழந்தைகளே நடத்திய ஊர்வலம் அது.

அந்த ஜனதா காலனி 1976-ஆம் ஆண்டு மே மாதம் அகற்றப்பட்டது. தமிழர் பலர் உள்ளிட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் டிராம்பேயில் உள்ள சீதா கேம்ப் என்னும் இடத்தில் குடியேற்றப்பட்டன. அற்புதம் தளராது, குடிசைவாழ் மக்களின் தேசியக் கூட்டமைப்பைக் கட்டியெழுப்பினார். 2000-இல் மகசேசே விருதும், 2011-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார், 2018-இல் மறைந்தார். அவருடைய கூட்டமைப்பும், நடைபாதைவாழ் பெண்களின் ‘மகிளா மிலன்’ சங்கங்களும், ‘ஸ்பார்க்’ நிறுவனமும் இணைந்து புனேயிலும் மும்பையிலும் அமைத்த பொதுக் கழிப்பிடங்களில் குழந்தைகளுக்கென்றே தனி இடம் ஒதுக்கப்பட்டது. சிறிய பீங்கான், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, அச்சமூட்டாத வெளிச்சம் ஆகிய இவையே அதன் சிறப்பு. செலவில் பெரிதன்று, குழந்தையின் கண்கொண்டு பார்த்ததே பெரிது.

இது ஓர் ஊரின் தனித் துயரன்று. 2010-ஆம் ஆண்டு ஜூலையில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, குடிநீரையும் சுகாதார வசதியையும் மனித உரிமையெனத் தீர்மானித்தது. 2023-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெபும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் உலகில் 220 கோடிப் பேர் பாதுகாப்பாகப் பராமரிக்கப்படும் குடிநீரும், 350 கோடிப் பேர் அத்தகைய கழிப்பிட வசதியும் இன்றி வாழ்ந்தனர். 200 கோடிப் பேருக்கு வீட்டில் நீரும் சோப்பும் கொண்டு கைகழுவும் வசதி இல்லை. வீட்டில் நீர் இல்லாத பத்துக் குடும்பங்களில் ஏழில், அதைக் கொணரும் பொறுப்பு பெண்களுடையதும் சிறுமியருடையதுமே என்றும் அவ்வறிக்கை காட்டுகிறது.

குழாயும் கழிப்பிடமும் அமைய நாளாகலாம். அதுவரை வீட்டில் செய்யத்தக்கவை சில உள. குழாயில் முதலில் வரும் கலங்கல் நீரைக் குடிக்கப் பிடியாது, தரை கழுவ ஒதுக்குக. குடிநீரைக் கொதி வந்தபின் ஒரு நிமிடமேனும் கொதிக்கவிட்டு, மூடிய பானையில் வைத்து, கை படாதவாறு பிடியுள்ள அகப்பையால் மொள்ளுக. சேமிக்கும் பீப்பாய்களை மூடிவைக்காவிடில், டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு அந்நல்ல நீரிலேயே முட்டையிடும். உண்ணுமுன்னும், குழந்தைக்கு ஊட்டுமுன்னும், மலங்கழித்தபின்னும், குழந்தையைக் கழுவிவிட்டபின்னும் சோப்பிட்டுக் கைகழுவுதல் வேண்டும்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்குக் கண்டால், அதன் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் உடலின் நீரும் உப்பும் வற்றுவதே. 1971-இல் வங்க அகதிகள் தங்கியிருந்த பன்காவ் முகாமில் வாந்திபேதி பரவியபோது, டாக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பருகக் கொடுத்தே எண்ணற்றோரைக் காத்தார். மருந்துக்கடைப் பொட்டலம் கிட்டாதபோது, ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், கரண்டியின் விளிம்பு மட்டத்துக்கே அளந்து கலந்து, சிறிது சிறிதாகப் புகட்டலாம். தாய்ப்பாலை நிறுத்தலாகாது. குழந்தை சோர்ந்து துவண்டாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. 2024-ஆம் ஆண்டில் மகாராஷ்டிர அரசு, தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கென இதே தேவ்நார் குப்பைமேட்டில் சுமார் 124 ஏக்கர் நிலத்தை ஒதுக்கியது. தாராவித் தமிழ்க் குடும்பங்களுக்கு இது நேரே தொடர்புடைய செய்தியாகும். அங்கே யார் குடியேறினும், மாடிவீடு எத்தனை சதுர அடி என்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் உள்ளன. குப்பை முழுதும் அகற்றப்பட்டு மண் சோதிக்கப்பட்டதா? குழாயில் எத்தனை மணி நேரம் நீர் வரும்? பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பிடம் உண்டா? தில்லியிலோ சூரத்திலோ பெங்களூரிலோ, நம்மவர் எங்கு வாழினும், தாம் வாழும் பேட்டையைப் பற்றி இக்கேள்விகளைக் கூட்டாகவும் எழுத்திலும் கேட்டல் நன்று. வரம்பு நாள் பெரியவர்களின் ஏட்டில் இருக்கலாம். குழந்தையின் தாகத்துக்கு அஃது இல்லை என்பதை உயர்நீதிமன்றமே உரைத்துவிட்டது.