உங்களுக்குத் தெரியுமா? ஒரு ரூபாயைக் குப்பையில் சேர்க்கும் கருவி

பட்டினப்பாக்கம் கடற்கரையில் மெட்டல் டிடெக்டரை நீட்டினால் ஓயாமல் கத்தும். விநாயகர் சிலைகளைக் கரைத்தபின் மிஞ்சிய கம்பி, ஆணி, சோடா மூடி, சிகரெட் பெட்டிக்குள் வரும் பளபளத் தாள் எல்லாம் மணலுக்குள் புதைந்து கிடக்கும். வெளிநாட்டுக்காரர்கள் இதற்குச் சொல்லும் வைத்தியம், இரும்பை ஒதுக்கும் 'டிஸ்கிரிமினேஷன்' அளவைக் கூட்டுவது. அவர்கள் ஊரில் சரி. இங்கே கூட்டினால் காசும் சேர்ந்து போய்விடும்!

காரணம், 1992 முதல் நமது ஒரு ரூபாய் காந்தத்தில் ஒட்டும் ஃபெரிட்டிக் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வருகிறது. கருவிக்கு அதுவும் ஆணி வகையறாதான். (தில்லியில் பையன்கள் கயிற்றில் காந்தம் கட்டி யமுனையில் வீசிக் காசு எடுப்பதும் இந்த ஸ்டீலை நம்பித்தான்.) பழைய அலுமினியப் பத்து பைசா சிகரெட் தாளோடு குழம்பும். நிக்கல் பித்தளையில் வரும் இன்றைய ஐந்து ரூபாய்க்குத்தான் தெளிவான சத்தம்.

ஆகவே டிஸ்கிரிமினேஷனைக் குறையுங்கள். சென்சிட்டிவிட்டியையும் (உணர்திறன்) கொஞ்சம் இறக்குங்கள். கருவியின் முனையில் உள்ள தேடுவளையமான 'காயில்' சின்னதாக இருக்கட்டும்; அதை மெதுவாக வீசுங்கள். பெரிய காயிலுக்கு அடியில் ஆணியும் காசும் ஒன்றாக வந்தால் ஆணியின் சத்தம் காசை விழுங்கிவிடும். அலை நனைத்த மணலில் உப்புநீரே மின்சாரத்தைக் கடத்துவதால், வெறும் மணலுக்கும் சில கருவிகள் கூவும்.

இன்னொன்று. 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் என்பது அச்சுப்பிழை அல்ல.