தீப்பிடிக்காத பேட்டரிக்கு அலுமினியத் தண்ணீர்! கரண்ட் பாயும் பிளாஸ்டிக் கைகொடுக்குமா?

தென்கொரியாவில் ஹ்வாசாங் நகரில் உள்ள லித்தியம் பேட்டரி தொழிற்சாலை ஒன்றில் 2024 ஜூன் 24-ந் தேதி காலை ஒரு பேட்டரி புகைந்தது. ஒரு நிமிடத்துக்குள் அறை முழுவதும் புகை! பக்கத்தில் இருந்தவையும் அடுத்தடுத்து வெடித்தன. அந்த மாடியில் இருந்தவை சுமார் 35 ஆயிரம் பேட்டரிகள். 23 தொழிலாளர்கள் பலியானார்கள். பெரும்பாலோர் பிழைப்பு தேடி வந்த வெளிநாட்டினர்.

நம் செல்போனில், ஸ்கூட்டரில் உள்ள லித்தியம் பேட்டரிக்குள் இருப்பது எரியக்கூடிய திரவம். அதற்குப் பதில் அலுமினிய உப்பு கரைத்த தண்ணீரை ஊற்றி மின்சாரத்தைச் சேமிக்க விஞ்ஞானிகள் முயன்று வருகிறார்கள். தண்ணீர் எரியாதே!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

சலூனில் ஷேவிங் முடிந்ததும் கன்னத்தில் தேய்க்கிறார்களே படிகாரம், அதில்கூட அலுமினியம் இருக்கிறது. பூமியின் மேல் ஓட்டில் 100-க்கு 8 பங்கு அலுமினியம்தான். பஞ்சமே இல்லை. லித்தியம் அயனி ஒரு நடைக்கு ஒரு மூட்டை மின்னேற்றம் சுமக்கும். அலுமினிய அயனி மூன்று மூட்டை சுமக்கும்!

ஆனால் ஆள் முரடு. தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு வரும். நுழைந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். கெட்டியான தகடுகளுக்குள் போய் வருவது கஷ்டம். அதனால்தான் வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக்கைத் தேடுகிறார்கள்.

பிளாஸ்டிக்கில் கரண்டா?

பாயும்! அது ஒரு தவறில் பிறந்த கதை. 1967-ல் டோக்கியோவில் சிராகவா என்பவரின் ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்த ஒருவர், அளவை மாற்றிப் படித்து ஒரு மருந்தை ஆயிரம் மடங்கு அதிகமாகப் போட்டுவிட்டார். கறுப்புப் பொடி வரவேண்டிய இடத்தில் வெள்ளி மாதிரி மினுமினுக்கும் ஏடு படிந்தது. 1975-ல் ஜப்பான் போன அமெரிக்கப் பேராசிரியர் மக்டியார்மிட் இதைக் கேள்விப்பட்டு சிராகவாவையே அழைத்துக்கொண்டார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹீகர் என்பவரும் சேர்ந்தார். ஏட்டில் அயோடின் ஆவியைக் காட்டினார்கள். அவ்வளவுதான்! மின்சாரம் பாயும் திறன் கோடி மடங்கு எகிறியது. 2000-ம் ஆண்டு மூவருக்கும் நோபல் பரிசு.

அந்த வம்சத்தில் ஒன்றுதான் பாலிஅனிலின். இதற்குப் புளிப்பான திரவம்தான் ஒத்துப்போகும். அலுமினிய உப்புத் தண்ணீரும் புளிப்புதான். பொருத்தமான ஜோடி! ஃபேனில் இருக்கும் கண்டன்சருக்கு இது அண்ணன் முறை. பேட்டரியைவிட சீக்கிரம் சார்ஜ் ஏறும்.

சிக்கல் இரண்டு

சுமார் 1.23 வோல்ட்டைத் தாண்டினால் தண்ணீரே ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிய ஆரம்பிக்கும். லித்தியம் செல்லோ மூன்றரை வோல்ட்டுக்கு மேல் தருவது. அடுத்தது, அயனி நுழையும்போது பிளாஸ்டிக் உப்பும், வெளியேறும்போது சுருங்கும். ஆயிரக்கணக்கான தடவை இப்படி ஆனால் விரிசல் விடாமல் என்ன செய்யும்? கரித்தூள், கார்பன் இழை சேர்த்து முட்டுக்கொடுத்துப் பார்க்கிறார்கள்.

ஸ்கூட்டருக்கு இது இப்போதைக்கு வராது. எடைக்கு ஏற்ற சரக்கு இதில் நிற்பதில்லை. சோலார் தகடுகளுக்குப் பக்கத்தில் அசையாமல் வைப்பதற்குத்தான் முதலில் குறிவைக்கிறார்கள். அங்கே பெட்டி கொஞ்சம் கனமாக இருந்தால் யார் தூக்கப்போகிறார்கள்?